அருமைராஜ் ஒப்புவித்த ஆடு

இந்தக் கதையை நானே பல வருடமாக நம்பவில்லை, ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவள் என் தம்பி மனைவி லில்லிபாய். இறந்துபோன புருஷனைப் பற்றிப் பெண்டாட்டி சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ள முடியும்? நீங்களும் எத்தனையோ துக்க வீடு பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருக்கும்போது ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஏச்சு வாங்கினவன், பெட்டிக்குள் படுத்ததும் பரிசுத்தவானாகிவிடுகிறான். அப்படித்தான் இதையும் நினைத்தேன்.

காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும். ஐயர் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். நீங்கள் வடக்கேயிருந்து வருகிறவர், உங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும். நாளைக்கு அறுப்பின் பண்டிகையில் எந்தப் பகுதியில் பேசப்போகிறீர்கள் என்று எழுதிக் கேட்டிருந்தேன். தாலந்து உவமை என்று பதில் போட்டீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சே. வேறு பகுதியைச் சொல்லியிருந்தால் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன்.

அதையே எடுங்கள். நான் தடுக்கவில்லை. நல்ல பகுதி. நானே அதில் பேசியிருக்கிறேன். நான் ஊழியக்காரன் இல்லை, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியன். ஆனால் எங்கள் ஐயருக்குப் பல ஊர்க் கோவில்கள். அவர் ஒன்றில் இருக்கும்போது மற்றவற்றில் என்னைப் போன்றவர்கள் ஆராதனை நடத்துவோம். சபைக் கமிட்டிக்கும் நான்தான் செயலாளர். இந்தக் கதை நடந்தபோதும் நான்தான், இப்போதும் நான்தான். வேறு யாரும் முன்வருவதில்லை.

அப்போது எங்களுக்கு வந்த ஐயர் உற்சாகமானவர். தாலந்து உவமையைக் காதால் கேட்டால் போதாது, கையால் செய்து பார்க்கவேண்டும் என்றார். மும்பையில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சபைக்குக் கொஞ்சம் வெள்ளாடு வாங்கிக் கொடுத்தார். எல்லாம் பெட்டை, பருவத்துக்கு வந்தவை. வருடப் பிறப்பு ஆராதனையில் விருப்பமுள்ள குடும்பத்துக்கு ஓர் ஆடு. வளர்க்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. அறுப்பின் பண்டிகையன்று ஆட்டையும் அது போட்ட குட்டிகளையும் பீடத்துப் படிக்கு முன்னால் கொண்டுவந்து ஒப்புவிக்கவேண்டும். குட்டிகள் ஏலத்துக்குப் போகும், ஏலப்பணம் கோவில் வேலைக்குப் போகும். தாய் ஆடு வளர்த்தவருக்கே. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. உவமையில் வரும் எஜமானே நேரில் வந்த மாதிரி ஊர் பரபரப்பாக இருந்தது.

கமிட்டியோடு பெயர் எழுத உட்கார்ந்த அன்றைக்குச் செல்லக்கனி வந்தாள். பனையிலிருந்து விழுந்து புருஷன் செத்தவள். பீடி சுற்றிப் பிழைப்பு. மேற்கே பனங்காட்டு ஓரத்தில் வீடு.

"சார், எனக்கும் ஒரு ஆடு எழுதுங்க" என்றாள்.

"சங்கம் கட்டி எவ்வளவு காலமாச்சும்மா?" என்றேன். சங்கம் என்றால் வருஷச் சந்தா, சபையில் உறுப்பினராக இருப்பதற்கு.

"கட்டிருதேன் சார். ஆடு ஈனட்டும், மொதச் சோலியா அதக் கட்டிருதேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஐயா. சட்டத்தைச் சொன்னேன். சந்தா பாக்கி இருந்தால் ஆடு கிடையாது என்று தீர்மானம் போட்டிருந்தோம். தீர்மானத்தை எழுதினவனே அதை மீறினால் அப்புறம் எழுதுவது எதற்கு? அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் இறங்கிப் போனதும் கதவோரம் நின்றிருந்த என் தம்பி அருமைராஜ் உள்ளே வந்தான். "எனக்கு ஒண்ணு எழுதுங்கண்ணே" என்றான்.

இப்போது உண்மையான சிரிப்பு. அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சைக்கிள் கடை வைத்தான், வாடகைக்குப் போன சைக்கிள் திரும்பி வரவில்லை என்றால் தேடிப் போகமாட்டான். டீக்கடை வைத்தான், குடித்தவன் காசு கொடுத்தானா என்று பார்க்கமாட்டான். கடைசியில் பனங்காட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தர் தோட்டத்துக்குக் காவலாக இருந்துகொண்டு, அங்கேயே ஓர் ஓலைச் சாய்ப்புக் கொட்டகையில் அவனும் லில்லியும். கமிட்டியில் ஒருவர் சொன்னார்: "சார், உங்க தம்பி கையில ஆட்டக் குடுத்தா அது சன்னியாசம் வாங்கிட்டுப் போயிரும்." அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவன் குணம். அவனைக் கேலி செய்தால் எல்லாரையும்விடச் சத்தமாக அவன்தான் சிரிப்பான்.

எனக்குச் சங்கடம். தம்பி என்பதால் கொடுத்தான் என்று நாளைக்குப் பேசுவார்கள். ஆனால் சங்கம் கட்டியிருந்தான். சட்டப்படி மறுக்க முடியாது. எழுதினேன்.

அந்த அறுப்பின் பண்டிகையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தூணுக்குத் தூண் கரும்பு, வாழைத்தார், பீடத்துக்கு முன்னால் பூசணியும் நெல்லும். அதற்கு நடுவில் ஆடுகள். தபால்காரர் டேனியல் கொண்டுவந்த ஆடு ஜெப நேரத்தில் கரும்புத் தோகையைக் கடித்து இழுத்துவிட்டது. கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளைகளை அடக்க முடியவில்லை. ஐயருக்கு வேறு ஊரில் திருவிருந்து ஆராதனை, ஏலத்துக்குத்தான் வருவார். ஆகவே ஒப்புவிக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற பொறுப்பு எனக்கு.

டேனியல் இரண்டு குட்டியோடு வந்தார். இன்னொருவர் மூன்று. குட்டி செத்துப்போனவர்கள்கூட, கண்ணீரோடு நடந்ததைச் சொல்லி, அதற்குப் பதில் கோழியோ காய்கறியோ கொண்டுவந்தார்கள். அருமைராஜ் கடைசியில் வந்தான். வெளுத்த வேட்டி, துவைத்த சட்டை. கையில் ஒரே கயிறு. கயிற்றில் ஒரே ஆடு.

"என்னல, ஆடு மட்டுந்தானா?" என்றேன்.

"ஆமாண்ணே."

"குட்டி?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். "குடுத்தது இந்தா நிக்கி. பிடிச்சுக்கோங்க" என்றான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆடாவது மிஞ்சிச்சே, அதுக்கே ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க சார்!"

கோவிலே சிரித்தது. இந்தமுறை அவன் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். சொரணை வந்திருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஐயா, இன்னொன்றையும் கவனித்தேன். அந்த ஆட்டின் மடி இறங்கியிருந்தது. பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மெலிந்த ஆட்டுக்கு எல்லாந்தான் தொங்கும். நான் என்ன ஆட்டுக்காரனா?

பிறகு பிரசங்கம். பகுதி முன்பே குறித்த தாலந்து உவமைதான், அன்றைக்காக மாற்றினதில்லை. எஜமான் பயணம் போகிறான், வேலைக்காரர்களிடம் பொருளைப் பிரித்துக் கொடுக்கிறான், இரண்டு பேர் பெருக்குகிறார்கள், ஒருவன் மண்ணைத் தோண்டிப் புதைத்துவைத்து அப்படியே திருப்பிக் கொடுக்கிறான். அவனிடம் இருந்ததும் பிடுங்கப்படுகிறது, வெளியே இருளில் தள்ளப்படுகிறான். வேதத்தில் உள்ளது இதுதான். இதை எப்படி இனிப்பாகச் சொல்வது? கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். ஆண்டவர் கொடுத்ததைச் சோம்பலால் மலடாக்குகிறவன் திருடனுக்குச் சமம் என்றேன். பெயரைச் சொல்லவில்லை. ஒருதரம்கூடச் சொல்லவில்லை. 'சிலர்' என்றுதான் சொன்னேன். 'கூடப் பிறந்தவனாக இருந்தாலும் நியாயத்தீர்ப்பில் தயவில்லை' என்று ஒரு வார்த்தை வந்தது உண்மை. அது பேச்சு வேகத்தில் வந்தது. ஆராதனை முடிந்து எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? ரத்தபாசம் பார்க்காமல் பேசினீர்கள் சார் என்று.

அதற்குப் பிறகு அருமைராஜ் கோவிலுக்குள் வரவில்லை. வராமல் இருக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் வருவான், மணிக்கூண்டுப் பக்கம் செருப்பு கழற்றிப் போடுகிற இடத்தில் நின்றுகொள்வான். பாட்டுப் பாடும்போது அவன் குரல் வெளியிலிருந்து வரும். நல்ல கட்டைக் குரல். திருவிருந்துக்கு மட்டும் வரமாட்டான். நீங்கள் கூப்பிட்டீர்களா என்று கேட்பீர்கள். ஆள் அனுப்பினேன். "இருக்கட்டும், இங்க காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டானாம். அவனுடைய வழக்கமான பேச்சு.

மறுவருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல். இரண்டாம் நாளே ஆள் மஞ்சளாகிவிட்டான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு மாறிவிட்டது. என்னைப் பார்த்தான். அடையாளம் கண்டுகொண்டான். "அண்ணே, சாப்டியளா?" என்றான். அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை. ஜெபம் பண்ணினேன், ஆமென் சொன்னானா என்று தெரியவில்லை.

அடக்க ஆராதனையை நானே வாசித்தேன். ஐயர் அன்றும் ஊரில் இல்லை.

லில்லி அந்தக் கதையைச் சொன்னது கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம். அவளுக்கு அரிசியும் ஒரு சேலையும் கொண்டுபோயிருந்தேன். துக்க வீட்டுக்குப் போகிறவன் ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா? "கவலைப்படாதம்மா, ஆண்டவர் அவன மன்னிச்சிருப்பாரு" என்றேன்.

"எதுக்கு அத்தான்?" என்றாள்.

"இல்ல, அந்த ஆட்டுக் காரியம்."

அவள் சாதாரணமாக, உலையில் அரிசி போட்டாச்சு என்று சொல்வதுபோல, "அது ரெண்டு குட்டி போட்டுச்சே அத்தான்" என்றாள். "ரெண்டும் பெட்டை. பால்குடி மறந்ததும் உங்க தம்பி செல்லக்கனி வீட்ல கொண்டு கட்டிட்டு வந்துட்டாக."

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யாரக் கேட்டு?"

அவள் முகம் இறுகிவிட்டது. நான் விடவில்லை. ஏன் கோவிலில் சொல்லவில்லை, ஏன் அத்தனை பேருக்கு முன்னால் ஊமை மாதிரி நின்றான் என்று கேட்டேன். அவள் நான் கொடுத்த சேலையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சொன்னா குட்டிகள ஏலத்துக்குப் பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாக. அவ அதுகளுக்குப் பேரெல்லாம் வச்சுட்டாளாம். 'நாம பேசாம இருந்துருவோம் லில்லி, ஒருநாள் சிரிப்புதான, சிரிச்சுட்டுப் போவட்டும்'னாக." எழுந்துகொண்டே, "ஒருநாள்னுதான் நெனச்சாக" என்றாள்.

நான் நம்பவில்லை. நம்புவதற்கு ஆதாரம் வேண்டாமா? விசாரித்தேன். கோவில்குட்டி, எங்கள் கோவிலில் மணி அடித்துப் பெருக்கித் துடைக்கிறவர், அவர் வீடு அந்தப் பக்கந்தான். "எனக்கென்ன தெரியும் சார்" என்றார். என்றவர் குனிந்து, சுத்தமாக இருந்த தரையைத் திரும்பப் பெருக்க ஆரம்பித்தார். டேனியலைக் கேட்டேன், தபால் கொடுக்க தினம் அந்த வழியாகப் போகிறவர். "ஆடுன்னா எல்லா ஆடும் ஒரே மாதிரிதான சார் இருக்கு" என்றார். செல்லக்கனியிடமே போனேன். வாசலில் நல்ல ஆடுகள் நின்றன. ஏதும்மா இது என்றேன்.

"ஆண்டவர் குடுத்தாரு சார்."

"ஆண்டவர் யார் மூலமா குடுத்தாரு?"

"அவரு என்ன பேரெழுதியா குடுத்தாரு?" என்றாள். அவள் அதற்குப் பிறகு சங்கம் பாக்கி வைத்ததில்லை. கேரளாவில் மகள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் தவறாமல் கட்டினாள்.

இதெல்லாம் ஓர் ஆதாரமா, ஐயா? ஆகவே நம்பவில்லை. ஒரு வருஷம் நம்பாமலே இருந்தேன், அப்புறம் இன்னொரு வருஷம். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் ஓர் ஆடு குட்டி போட முடியுமா என்று கேட்டுக்கொள்வேன். உண்மையென்றால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்? என்னிடம் யாராவது ஒருவர் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஒரு பேச்சுக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குட்டிகள் சபையைச் சேர்ந்தவை. அதில் எனக்கு இன்றைக்கும் இரண்டாவது கருத்து இல்லை. அவன் மட்டும் என்னிடம் வந்து சொல்லியிருந்தால், கமிட்டியில் வைத்து, ஒரு தீர்மானம் போட்டு, ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு ஒரு குட்டியையாவது... பாருங்கள், ஏதாவது வழி செய்திருப்பேன். கூடப் பிறந்தவன் இல்லையா?

உக்கிராணக்காரன் உவமையில் நீங்கள் பேசியிருக்கிறீர்களா? நான் பேசினதே இல்லை. எனக்கு அது பிடிக்காது. எஜமானுடைய பொருளை வீணாக்குகிறான் என்று அவருடைய சொத்துக் கணக்கைப் பார்க்கிற ஒருவன்மேல் பேச்சு வருகிறது. கணக்கை ஒப்புவி, வேலையை விட்டுப் போ என்கிறார். அவன் என்ன செய்கிறான்? எஜமானுக்குக் கடன்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாக்கியைக் குறைத்து எழுதிக்கொள் என்கிறான். யாருடைய பொருள்? எஜமானுடையது. யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை. கடைசியில் எஜமான் அவனைப் புகழ்கிறார்! பள்ளிக்கூடம் நடத்துகிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்? புத்திசாலித்தனத்தைத்தான் புகழ்ந்தார், அநியாயத்தை அல்ல என்று சொல்லுவார்கள். நானும் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் லில்லி சொன்னது உண்மை என்றால், அருமைராஜ் அன்றைக்கு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றபோது எந்த உவமையில் நின்றான்? நான் எதை வாசித்துக்கொண்டிருந்தேன்?

அந்த உக்கிராணக்காரனாவது நாளைக்குத் தன்னை யாராவது வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று செய்தான். இவனுக்கு என்ன கிடைத்தது? மணிக்கூண்டுப் பக்கம் காற்று.

நாளைக்கு வேதபாடம் வாசிக்கிறது நான்தான். நீங்கள் பகுதியை முன்னமே எழுதி அனுப்பிவிட்டதால் போன வாரமே வீட்டில் வாசித்துப் பார்த்தேன். எத்தனையோ தடவை வாசித்ததுதான், தடங்கலே வராது. அன்றைக்கு ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாவது வேலைக்காரன் ஏன் புதைத்தேன் என்று காரணம் சொல்கிறான் பாருங்கள், அந்த இடம். எஜமானே, நீர் எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்குத் தெரியும், அதனால் பயந்தேன் என்கிறான். நான் அதை எப்போதும் சாக்குப்போக்கு என்றுதான் விளக்கியிருக்கிறேன். சோம்பேறி சொல்கிற சாக்கு. அந்த இடத்தை வாசிக்கும்போது குரலைக்கூடக் கொஞ்சம் மாற்றி, அசடு வழிகிற மாதிரி வாசிப்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். போன வாரம் அந்தக் குரல் வரவில்லை. வேறு குரலும் வரவில்லை. அவன் நிஜமாகவே பயந்திருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. எஜமானைப் பார்த்து ஒருவன் அவ்வளவு பயப்படுகிற மாதிரி எஜமான் எப்போது நடந்துகொண்டார்? அதைப் பற்றி உவமையில் ஒன்றுமே இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

நேற்றுக் கோவிலில் பண்டிகைக்காகப் பெண்கள் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். லில்லியும் வந்திருந்தாள். பீடத்துப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நான் போய் நின்றேன். "என்ன அத்தான், கால் நனையும், தள்ளி நில்லுங்க" என்றாள். எனக்கு அந்தக் குட்டிகளைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. அது உண்மையா பொய்யா என்பதும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அதைத்தான் கேட்கவேண்டும் என்று இருந்தேன். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"லில்லி, அன்னைக்கு அருமை யாருக்கும்மா பயந்தான்? ஆண்டவருக்கா, எனக்கா?"